அரைச்சுற்று

மாங்குளம் சந்தி தாண்டவில்லை,
வெள்ளைப் புகை.
கன்ரர் நிறைய வத்தகப்பழம்.
கதவு திறக்கமுதலே தவரூபன் சொன்னான்:
"அக்கா, ரேர்போவில பிழை."

ரேர்போவில் பிழையில்லை.
ஒயில் மூடியைத் திறந்தேன்:
பால்தேத்தண்ணி.
ஆரோ கிளிநொச்சியில்
காற்றைக் கூட்டி, டீசலைக் கூட்டி,
ஹெட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளை
மறந்துபோனான்.

இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில்
காஸ்கற் கருகியிருந்தது
நுளம்புத்திரிச் சாம்பல்போல.
இரும்பு மட்டம் வைத்துப் பார்த்தேன்.
ஹெட் வளையவில்லை, அவனுடைய நல்ல காலம்.

போல்ட் ஓட்டைகளில் நின்ற தண்ணியை
துணித்திரி விட்டு ஒற்றியெடுத்தேன்.
ஒரு சொட்டுக் கிடந்தாலும்
போல்ட் பொய் சொல்லும்,
இறுகிவிட்டேன் என்று.

நடுவிலிருந்து வெளியே,
மூன்று தரம்,
கடைசியில் கால்சுற்று.
பதினெட்டாவதில் முழங்கை நடுங்கியது.

"விசை மட்டும் குறையக்கூடாது அக்கா.
விடியமுதல் தம்புள்ளையில நிக்கோணும்."
சரி என்றேன்.
அவன் பணிஸ் வாங்கப் போன நேரம்
பம்பின் ஸ்குருவை
அரைச்சுற்றுப் பின்னுக்கு விட்டேன்.

இரவு பத்தேகாலுக்கு
மதவாச்சியிலிருந்து அழைக்கிறான்:
"முந்தியவிட இழுவை நல்லாயிருக்கு!
என்ன செய்தனீங்கள்?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
சவர்க்காரத்தைத் தேடினேன்.