இரண்டு மாதப் பழைய பேச்சு

(சிங்கப்பூர், 1861 மே)

தபால் கப்பல் வந்த ராத்திரி
அமெரிக்காவின் புது அதிபர் பேசியதை
என் மேசையில் போட்டார் துரை.
பொடி எழுத்து, நான்கு பத்தி,
விடிவதற்குள் கோத்தாக வேண்டும்.

அச்சுக்கோப்பவன் நான், சவரிராயன்.
எதையும் தலைகீழாகவே வாசித்துப் பழகியவன்.
பொருள் எனக்கு
விரல்வழியாகத்தான் மெல்ல ஏறும்.

ஏழு மாகாணங்கள் பிரிந்துபோயினவாம்.
பிரிந்தது செல்லாது என்கிறார்.
அடிமைகள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்,
அதில் கைவைக்கும் எண்ணமில்லை என்கிறார்.
ஓடிப்போனவனைப் பிடித்துக்கொடுப்பதா,
சட்டம் சட்டந்தான்.
பிறகு கடைசிப் பத்தியில்
பாகம் கேட்டு முறைக்கும் தம்பியிடம்
அண்ணன் பேசுவதுபோலக் குரல் இறங்குகிறது.
பொய் சொல்வானேன்,
அங்கே என் கை கொஞ்சம் நின்றது.

நடுவில் எஸ் எழுத்து தீர்ந்துபோனது.
இங்கிலீஷில்
மாகாணத்துக்கும் அதுதான் முதலெழுத்து,
அடிமைக்கும் அதுதான்.
சவ்வரிசி, சர்க்கரை ஏல விளம்பரத்தைக் கலைத்து
எடுத்துக்கொண்டேன்.

காலையில் மை காயாத தாளோடு
வெள்ளைக்காரர் கோவில் எழும்பும் மைதானத்தைக் கடந்தேன்.
மெட்ராஸ் கைதிகள் சுண்ணாம்பு அரைத்தார்கள்,
முட்டை வெள்ளையும் வெல்லமும் விட்டு.
ஈ மொய்த்தது.
ஒருவன் வேர்வை துடைக்க
முண்டாசை மேலே தள்ளினான்.
நெற்றியில் பச்சை.
செய்த குற்றத்தின் பெயர், தமிழில்.
நேர் எழுத்து.
இரண்டாம் எழுத்துக்கு மேல் நான் வாசிக்கவில்லை.

"என்ன சேதி, அச்சாபீசு?"

சொன்னேன்.
தேசம் உடையக்கூடாதாம்,
அதற்காக அடிமைகள் இப்போதைக்கு அப்படியே இருப்பார்களாம்.

"இப்போதைக்கு என்றால்?"

தாளில் அது இல்லை.

"அவர்களுக்கும் சுண்ணாம்பு வேலையா?"

பருத்தி என்றேன்.

"பருத்தி லேசு" என்றான்,
முண்டாசை இழுத்துவிட்டுக்கொண்டு.
பக்கத்திலிருந்தவன் சிரித்தான்.
வார்டர் திரும்பிப் பார்க்க
நான் நடந்துவிட்டேன்.

அடுத்த மாதக் கப்பலில்தான் தெரிந்தது:
அந்தக் கடைசிப் பத்தியை
ஒற்றை விளக்கில், பிழையில்லாமல்,
நான் கோத்துக்கொண்டிருந்தபோது
பீரங்கி வெடித்து
ஒரு மாதம் ஆகியிருந்தது.

அதையும் நான்தான் கோத்தேன்.
அன்றைக்கும்
எஸ் போதவில்லை.