அடுத்த அறைக்கு ஒரு பல்

பீல் நகரம், நிலக்கீழ்த் தளம்,
பல் செய்யும் கூடம், மாலை ஆறரை.
கோட்டை மாட்டியபடியே ரம்சையர் சொன்னார்:
"நாளை பத்து மணிக்கு ஷ்டெம்ப்ஃப்லி அம்மா மேலே வருவா.
கீழ்க்கடைவாய், இடப்பக்கம்."
பிறகு லிஃப்ட் அவரை விழுங்கிக்கொண்டது.

ஸ்கேனரோடு கூடப் பிறந்த கணினி.
எக்ஸ்பி. அதே பச்சை மேடு, அதே நீல வானம்.
இத்தனை வருஷத்தில் அந்த மேட்டில்
ஒரு ஆடுகூட மேய்ந்ததில்லை.
ஸ்கேனரின் மென்பொருள் வேறெதிலும் ஓடாது.
எழுதிய கம்பனி மூடி எட்டு வருஷம்.

போன கிழமை ஏரிப்பக்கமிருந்து ஒரு இடி,
ஒன்றே ஒன்று.
வலையட்டை போய்விட்டது.
புதியது பதினெட்டு பிராங்க்.
செருகினேன், திருகினேன், மூடினேன்.
திரையில் மஞ்சள் கேள்விக்குறி:
அறியப்படாத சாதனம்.

டிரைவரை இணையத்தில் இறக்கிக்கொள் என்றது பெட்டி.
இணையத்துக்குப் போக டிரைவர் கொண்டு வா என்றது கணினி.
கிணற்றில் விழுந்த வாளியை
எந்த வாளியால் அள்ள?

வீடு எடுக்கச் சம்பளச்சீட்டு,
வேலை எடுக்க வீட்டு விலாசம்
என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒருத்தி
எனக்கு விளக்கிய காலையும் இப்படித்தான்.
பாவம், அவளுக்கும் சிரிப்பு வந்தது.
அடக்கிக்கொண்டாள்.

சாதனத்தின் இலக்கத்தைத் தோண்டி எடுத்து
ஜிப்சத் தாடையொன்றின் அடியில் பென்சிலால் எழுதினேன்:
பத்து ஈ சீ. எண்பத்தொன்று அறுபத்தெட்டு.
தாடையை ஏந்திக்கொண்டு மாடிக்கு ஏறி
ஓடிலின் மடிக்கணினியில் தேடினேன்.
புதுக் குச்சியை எக்ஸ்பி குச்சியாகவே மதிக்கவில்லை.
கைப்பையின் அடியில் மகனின் பழையது கிடந்தது,
உள்ளே டைனோசர் பற்றி முடிக்காத கட்டுரை.
அதை அழிக்காமல் பக்கத்தில் இடம் பிடித்தேன்.

முதல் டிரைவர்: இந்த இயங்குதளத்துக்கு அல்ல.
இரண்டாவது: இதற்கும் அல்ல.
மூன்றாவது நிறுவி முடிந்த கையோடு
திரை முழுக்க நீலம், வெள்ளை எழுத்து.
எழுத்தை வாசிக்குமுன் அணைந்து எழும்பி
ஒன்றும் நடக்காதது போல
பச்சை மேட்டைக் காட்டியது.

ஒன்பதே கால். கடைசி நல்ல பேருந்து போயிருக்கும்.
பாணும் வெண்ணெய்க்கட்டியும்.
பல்லுத்தூள் கையோடு சாப்பிடக்கூடாதென்று
சுவரில் இரண்டு மொழியில் ஒட்டியிருக்கிறது.

நான்காவது இரண்டாயிரத்துப் பத்தில் செய்தது,
ஐந்தே முக்கால் எம்பி.
இதைச் சோதித்தவர் இல்லை, கையெழுத்தில்லை,
இனி இந்தக் கணினி நிலைகுலையலாம்,
இப்போதே, அல்லது பின்னொரு நாள்.
எப்படியும் தொடரவா?

தொடராமல்?

கோடு பாதிவரை வந்து நின்றது.
நான் மூச்சுவிட்டதும் நகர்ந்தது
என்று சொன்னால் ஓடில் நம்பமாட்டாள்.
பெட்டியின் பின்புறம் தலையைச் சரித்துப் பார்க்க
தூசுக்குள்ளே ஒரு பச்சைப் பொட்டு.
பக்கத்தில் மஞ்சள், துடிதுடித்து.

விலாசம் கேட்டது.
நானே கொடுத்தேன்: கடைசி இலக்கம் பதினேழு,
யாரும் குடியிருக்காத எண்.
தேதி இரண்டாயிரத்திரண்டு ஜனவரி ஒன்று என்று நின்றது,
பற்றரி எப்போதோ செத்திருக்கிறது.
அதைத் திருத்தவில்லை.
வெளியே போகும் கேபிளையும் பிடுங்கிவிட்டேன்.
இந்த வயதில் இதற்கு உலகம் ஆகாது,
முதல் நாளே ஏதாவது தொற்றும்.
பதினொரு மீற்றர் போனால் போதும்,
சுவருக்கு அந்தப் பக்கம்,
கடையும் இயந்திரம் மட்டும்.

பல்லை அனுப்பினேன்.
போய்ச் சேர்ந்தது தெரியாமல்
அங்கே போய் நின்று காத்திருந்தேன்.
வெள்ளைத் தட்டைச் சுற்றி ஊசி இறங்கியது.
ஐந்திலொரு பங்கு பெரிதாகக் கடையும்,
சூளையில் சுருங்கும்.
அதனால் பிறக்கும்போது எல்லாப் பல்லும்
கொஞ்சம் குதிரைப் பல்.

சூளையை இரவுக்குப் பூட்டியபோது பன்னிரண்டாகப் போகிறது.
நாளை அம்மா நீலத்தாளைக் கடிப்பா.
"உயரமாக இருக்கிறதா?" என்பார் வைத்தியர்.
அவ பதில் சொல்வா,
வாய்க்குள் அவருடைய இரண்டு விரல்களோடு.