சரியான விடை: பூஜ்யம்

ஐந்து கேள்விகள் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.
லீபாயாவில் மாலை மூன்று மணி,
ஒருரோவில் காலை ஒன்பது.
நடுவில் ஒரு திரை, இருபத்தாறு கட்டங்கள்,
பாதிக் கட்டங்களில் நெற்றி மட்டும்.

முதல் வாரம் கொடிகளை இழுத்து நாடுகளின்மேல் போட்டோம்.
ருடோல்ஃப்ஸ் பொலிவியாவைப் பராகுவேயில் இறக்கினான்.
அவர்கள் லாத்வியாவை லிதுவேனியாவில் இறக்கினார்கள்.
கணக்கு நேராயிற்று என்று இரண்டு பக்கமும் சிரிப்பு.
அடுத்த வாரம் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி
அவர்கள் ஊர்ச் சந்தையில் நடந்தேன்:
முகம் கலங்கலாக்கப்பட்ட பெண்கள்,
குரைக்கும் முன்பே உறைந்துபோன நாய்.
உருளைக்கிழங்கு மட்டும் துல்லியம்.
கறுப்பு, ஊதா, விரல்போல் வளைந்த ஒன்று.

மூன்றாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.
பொலிவியாவின் கடற்கரை எத்தனை கிலோமீட்டர்?
விடைப்பெட்டியில் 0 என்று போட்டுப் பூட்டினேன்.
கொஞ்சம் தந்திரம்,
கடலோரத்துக்காரனின் கொழுப்பு கொஞ்சம்.

அன்று மார்ச் இருபத்துமூன்று.
அங்கே அது கடலின் நாள் என்று எனக்குத் தெரியாது.
திரை திறந்தால் பாதிப் பேர் மாலுமி உடையில்.
வெள்ளைத் தொப்பி, நீலக் காலர்,
சன்னலுக்கு வெளியே மரமில்லாத மலை.

நய்ரா சோக்கே தட்டினாள்: 400.
சிவப்புப் பெருக்கல் குறி.
மறுபடியும் 400.
வில்மர் 400. அவன் பக்கத்திலிருந்த பெண் 400.
பதின்மூன்று பேரும் தோற்றார்கள்,
ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.
"எந்த வருஷத்தில் என்று நீ கேட்கவில்லையே," என்றாள்.
போரில் போன கரை அது.
கடற்படை மட்டும் இன்னும் இருக்கிறதாம்,
ஏரியில் ஓடிக்கொண்டு.

அடுத்து அவர்கள் கேள்வி, எங்களுக்கு.
உங்கள் கரையில் ஒரு காலத்தில்
அந்தி சாய்ந்ததும் மணலை உழுதார்கள். ஏன்?
நான் 'கடற்பாசி வார' என்பதை அழுத்தினேன்.
சிவப்பு.
பிறந்து பதின்மூன்று வருஷம் நான் உருண்ட மணல்.

அம்மா டிராம் ஓட்டுபவள்.
பீட்ரூட் சூப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:
"காலடி தெரியத்தான்.
இருட்டினால் விளக்கு கடலைத் துழாவும்.
விடிந்ததும் சிப்பாய்கள் வந்து பார்ப்பார்கள்,
யாராவது ஓடியிருக்கிறார்களா என்று.
மூன்று தெரு தள்ளிக் கடல்.
கைக்கெட்டியது காலுக்கு எட்டவில்லை."
பிறகு உப்புப் போதுமா என்று கேட்டாள்.

அன்றிரவு விடையைத் திருத்தப் பார்த்தேன்.
பெட்டி ஒரே ஒரு எண்ணைத்தான் ஏற்கும்.
0, 400 என்று அடித்தால்
நாலாயிரத்துச் சொச்சமா என்று கேட்கிறது.

கடைசி வகுப்பன்று பள்ளிக்குப் போகாமல்
ஃபோனைத் தூக்கிக்கொண்டு அலைக்கே போனேன்,
காலணி பதியப் பதிய.
தண்ணீர் காலுறைக்குள் புகுந்தது, காற்று காதைக் கிள்ளியது.
"கேட்கிறதா?" என்றேன்.
"நீ கேட்கிறாய். கடலைக் காணோம்."

மென்பொருள் கடலை இரைச்சல் என்று எண்ணி
ஒவ்வோர் அலையாக அழித்துக்கொண்டிருந்தது.

விறைத்த விரலால் அமைப்புகளைத் துழாவினேன்.
மொழி, ஒளி, பின்னணிப் படம்,
எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னப் பொத்தான்.
அணைத்தேன்.

பதின்மூன்று கட்டங்களும் ஒரே நேரத்தில் பின்னுக்குச் சாய்ந்தன.
வில்மர் காதுக்கருவியை ஒரு பக்கம் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டான்.
அலை விட்டு விட்டு வந்திருக்க வேண்டும்,
இங்கே அடித்து அங்கே தாமதமாக உடைந்து.
நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.
நய்ரா தட்டினாள்:
கொஞ்ச நேரம் பேசாமல் இரு.

நான்கு சதவீதம் சார்ஜ் இருந்தது.
பேசவில்லை.