ஐந்தாவது வாரம்

"எல்லாம் பெட்டை"
என்றான் ஆயர் ஈத்தாம் பசாரில் விற்றவன்.
கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
தலைக்கு மூன்று வெள்ளி, ஏழு குஞ்சுகள்.

பாயான் லெப்பாஸ் ஆலையில்
நுண்ணோக்கிக்கு அடியில் சில்லுகளைப் பார்த்து
நல்லது இந்தத் தட்டு, கெட்டது அந்தத் தட்டு என்று
பதினோரு வருடமாய்ப் பிரிக்கிறவள் நான்.
ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு
அரைமணி நேரமாய் முழிக்கிறேன்.

ஐந்தாவது வாரம் கொண்டையைப் பார்க்க வேண்டுமாம்.
வெளிறிய மஞ்சள் என்றால் பெட்டை,
சிவப்பேறினால் சேவல்.
இதன் கொண்டை
தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் நிறம்.

கால் தடித்தால் சேவல். தடித்திருக்கிறது.
தோளில் இறகு சீக்கிரம் மூடினால் பெட்டை.
மூடிவிட்டது.

மாக்சிக் ரொஹாயா மோதிரத்தைக் கழற்றி
நூலில் கட்டி
குஞ்சின் முதுகுக்கு மேல் தொங்கவிட்டார்.
வட்டமாய்ச் சுற்றினால் பெட்டை.
சுற்றியது.
அதே மோதிரத்தைத்
தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் கெங் வாவின்
தலைக்கு மேல் பிடித்தோம்.
அங்கேயும் சுற்றியது.

சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது.
ஆனால் இது சிரிக்கிற காரியமில்லை.
பக்கத்து வீட்டு ஹாக் லியோங்
விடிய விடியக் கொய்தியாவ் வறுத்துவிட்டு
ஏழு மணிக்குப் படுக்கிறவர்.
முன்கூட்டியே சொல்லிவிட்டார்:
கூவுகிறது எதுவானாலும்
இஞ்சியோடு என் சட்டிக்கு.

மகள் ஒரு நோட்டில் கோடு போட்டிருக்கிறாள்
பள்ளிப் படிவம் மாதிரியே.
பெயர். பால். இனம்.

"அம்மா, இனம்னு இருக்கு. என்ன போட?"
"எதுக்குப் போட?"
"கோழிக்குத்தான்."

கழுத்தில் மயிர் இல்லை, அது ஒரு வம்சம்.
காலில் ஐந்து விரல், தோல் மைக்கறுப்பு,
எப்போதோ ஒரு பட்டுக்கோழி வந்து போயிருக்கிறது.
நெஞ்சைத் தூக்கி நிற்பதில் கொஞ்சம் செராமா.
பொழுது சாய்ந்தால் கூட்டை விட்டுக்
கொய்யா மரத்தில் ஏறுகிறதே
அதைக் காடு கொடுத்திருக்கும்.
மிச்சமெல்லாம் கம்பம்.

கட்டம் சின்னது.
பென்சிலைக் கடித்தபடி
அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
"லாயின்-லாயின்" என்று எழுதி
அடுத்த குஞ்சுக்குப் போய்விட்டாள்.

நேற்று
ஆலைப் பேருந்திலிருந்து இறங்கி
தெலுக் கும்பார் சந்துக்குள் திரும்பும்போது
கேட்டது.
கூவலென்று சொல்ல முடியாது.
துருப்பிடித்த கேட்டை
யாரோ பாதி திறந்து
பயந்து விட்டுவிட்ட மாதிரி.

ஓடினேன்.
ஏழும் அலகை மூடிக்கொண்டு
என்னையே பார்த்தன.
கழுத்தில் மயிரில்லாதது மட்டும்
தவிட்டைக் கிளறுவதில் அதிக மும்முரம் காட்டியது.
அதன் வால் அடியில்
போன வாரம் உருண்டையாய் இருந்த இறகு
கூராகியிருந்தது.

மேலே ஜன்னல் திறந்தது.
பனியனோடு ஹாக் லியோங்.
"எது?"

"எல்லாம் பெட்டை" என்றேன்,
கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.