நெல்பேட்டையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்

ஆய்வுக்கூட வாசலில் ஓர் ஆணி.
மல்லிகைச் சரங்கள் அதில்தான் தொங்கும்.
வாசனை உள்ளே வரக் கூடாது,
கருவுக்கு ஆகாது என்கிறது பலகை.
மதுரையில் இப்படி எழுதி மாட்ட
ஒரு துணிச்சல் வேண்டும்.

இந்த வாரம் என் முறை.
காலை ஐந்தரைக்கு அபுதாகிர்
கத்தியைக் கழுவி வைத்துவிட்டு
பூனைகளுக்குப் போகவேண்டியதை
என் ஃபிளாஸ்க்கில் போடுகிறார்:
உரித்த மொச்சை அளவில் சூலகங்கள்,
ஒவ்வொன்றின் மேலும் ஏழெட்டு நீர்க்கொப்புளம்.
"டாக்டருக்குப் படிக்கிறீகளா?"
டாக்டர் பட்டம் வாங்கி எட்டு மாசமாச்சு.
"அப்புறம் என்ன படிப்பு?"
கை நடுங்காம இருக்க, என்றேன்.
அவர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வைகையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள்.
தரைப்பாலம் மூடியாயிற்று.
கோரிப்பாளையத்தில் ஷேர் ஆட்டோ
ஒரு பால் வண்டிக்குப் பின்னால் நின்றது,
நின்றது,
நின்றுகொண்டே இருந்தது.
ஃபிளாஸ்க்கின் மூடி லேசாகக் கசியும்.
வெப்பமானி முப்பத்திரண்டுக்கு இறங்கியதும்
துப்பட்டாவுக்குள் இழுத்து
வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.
எதிர் சீட்டுக்காரம்மா
காலை ஒடுக்கி இடம் விட்டார்.
"எத்தனாவது மாசம் தாயி?"
பதினேழு ஆடு என்று சொல்ல
நா எழவில்லை.

ஒத்தக்கடை. ஜன்னல் முழுக்க யானைமலை,
என்றைக்கோ சூல்கொண்டு படுத்தது.
அதற்கு அவசரமில்லை.
எங்களுக்கு உண்டு.
கொப்புளத்தில் ஊசியை ஏற்றி, உறிஞ்சி,
தட்டில் ஊற்றித் தேடினால்
ஜவ்வரிசிக் கஞ்சிக்குள் ஒளிந்ததுபோல்
அங்கொன்று, இங்கொன்று.
முப்பத்தெட்டரை டிகிரியில்
ஒரு பகல், ஓர் இரவு முதிர விட்டோம்.

பிடிகுழாய் ஒன்பது மணியில்.
துருவ உடல் பன்னிரண்டில்.
ஊசி மூன்றிலிருந்து வரவேண்டும்,
உள்ளே ஒரு கிடாயின் ஒற்றை அணு,
வால் நசுங்கி, சாதுவாக.
துவாரகநாதன் மூச்சை நிறுத்திக்கொள்வான்.
ப்ரிஸ்கில்லா நாக்கைக் கடித்துக்கொள்வாள்.
எனக்குச் செருப்புக்குள் கட்டைவிரல் மடங்கும்.
சவ்வு முதலில் குழிகிறது,
இன்னும் குழிகிறது,
விட்டுக்கொடுக்கும் என்று நினைக்கையில்
சத்தமே இல்லாமல் வெடிக்கிறது.
உள்ளிருந்தது
ஊதுவத்திப் புகைபோல் கலைந்து போகிறது.
குறிப்பேட்டில்: சிதைவு.
அதன்கீழ்: சிதைவு.
பதினோரு முறை எழுதியபின்
அந்தச் சொல்லுக்கே எழுத்துப்பிழை வந்துவிட்டது.

பன்னிரண்டாவது
ஊசியை உள்ளே வாங்கி,
வெளியே விட்டு,
காயத்தை மூடிக்கொண்டது.

மறுநாள் மாலை பார்த்தால்
இரண்டாக இருந்தது.
யாரும் கைதட்டவில்லை.
இன்குபேட்டர் கதவை
அதிக நேரம் திறந்துவைக்கக் கூடாது.
ப்ரிஸ்கில்லா என் முழங்கையைக் கிள்ளினாள்,
இன்னும் கன்றியிருக்கிறது.

படிவத்தின் கடைசி வரி:
பயிற்சிக்கு மட்டும். பதிந்தபின் அழிக்கவும்.
நேரம் குறிக்கவும்.
ஆறு நாற்பது என்று எழுதினேன்.
ஆறு கோணலாக விழுந்தது.
வெளியே வந்தால்
என் சரம் ஆணியிலேயே
மலர்ந்து முடித்திருந்தது.

விடிந்தால் மறுபடியும் நெல்பேட்டை.
அபுதாகிர் மறக்கவில்லை.
"என்னம்மா, குட்டி போட்ருச்சா?"
எங்கே தொடங்கிச் சொல்வது!
"ரெண்டாச்சு" என்றேன்.
"ரெட்டையா! மாஷா அல்லா"
என்று முகம் விரிந்து,
எண்ணிப் போட்ட கணக்குக்கு மேல்
இன்னும் இரண்டு போட்டார்.