பள்ளத்தாக்கைப் பார்த்த அறை

வெள்ளிக்கிழமை வங்கியை மூடிய பிறகும்
விரல்கள் எண்ணிக்கொண்டே இருந்தன.
இரவு ரயில் ரம்புக்கனை தாண்டி
மூச்சிரைக்கத் தொடங்கியதும்
சுரங்கங்களை எண்ணினேன்.
பதினொன்றில் தூங்கிப்போனேன்.

அப்புத்தளையில் இறங்கும்போது விடியவில்லை.
மேடையில் குளிர் எங்களுக்கு முன்பே வந்து நின்றது,
பெயர்ப்பலகை பிடிக்காத ஓட்டுநர்போல.

நிரோசன் இருநூறு படம் பார்த்துத் தெரிந்த பங்களா.
இரண்டு இரவுக்கு நாற்பத்தெட்டாயிரம்.
பள்ளத்தாக்கைப் பார்த்த அறை என்றால்
மேலே ஒன்பது.
வாசலில் ரோஜாப் பாத்தி, வழுக்கும் செங்கல் பாதை,
சுவரில் ஒரு மான் தலை, எந்தத் தேசத்து மானோ,
ஒரு கண்ணாடிக் கண் கழன்றுபோய்
மற்றதால் எங்களை வரவேற்றது.
கணப்படுப்பில் விறகு அடுக்கியிருந்தது.
எரிக்க முடியாது.
"புகைபோக்கியில குருவி கட்டியிருக்குங்க"
என்றார் பொறுப்பாளர் டேவிட் மருதை.
அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை.

ஜன்னலைத் திறந்தோம்.
பள்ளத்தாக்கு இல்லை.
பெயர்கூட நிரப்பாத படிவம்போல
முழு வெள்ளை.

சனி பகல் அப்படியே.
நிரோசன் அரைமணிக்கொருதரம் எழுந்து போனார்,
பிந்திய பஸ்ஸை எட்டிப் பார்ப்பவர்போல.
"ஒன்பதாயிரம்" என்றார் ஒருமுறை.
மூடுபனிக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

நடக்கப் போனோம்.
டர்பன்டைன் மரங்களுக்கிடையில்
என் கணுக்காலில் அட்டை ஒன்று
கணக்குத் திறந்தது.
உப்புப் போட்டு எடுத்த பிறகும் இரத்தம் நிற்கவில்லை.
நிரோசன் கைக்குட்டையை மடித்துக் கட்டினார்.
மணமாகி ஏழு வருடத்தில்
அவர் என் முன் முழந்தாளிட்டது
அதுதான் முதல்.
இருவரும் அதைக் கவனித்தோம்.
இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

இரவுச் சாப்பாடு:
வாட்டிய கோழி, அவித்த கரட்,
பெயர் தெரியாத வெள்ளைக் குழம்பு.
நாங்கள் முள்ளுக்கரண்டியை உருட்டுவதைப் பார்த்துவிட்டு
மருதை உள்ளே போய்
ஒரு சோசரில் கட்டைச் சம்பல் கொண்டுவந்தார்.
"இது பில்லுல வராதுங்க."

பிறகு, தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டார்:
"கொழும்புல சனி ஞாயிறு என்ன செய்வீங்க?"
யோசித்தோம்.
"உடுப்புத் தோய்ப்போம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"எனக்கு மூணு நாள் லீவு சேந்திருக்கு.
கடல் பக்கமா ஒரு ரூம் எடுத்தா
எம்புட்டு வரும்?
எங்கயும் போகத் தேவல்ல.
சும்மா படுத்துக்கிட்டு
அந்தச் சத்தத்தக் கேக்கணும்."

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும்
இருநூறு யார்.
சத்தம் கேட்காமல் இருக்கத்தான்
இரட்டைக் கண்ணாடி போட்டோம், தவணைமுறையில்.
நான் உப்புப்போத்தலை
அவர் கைக்கு நகர்த்தினேன்.

ஞாயிறு, காலை ஆறு இருபது.
குளியலறையில் தண்ணீர் ஓடுகிறது.
பனி விலகியது.
வரிசையில் நிற்கும் ஒருவர்
"நீங்க முதல்ல கேளுங்க" என்று
ஒதுங்குவதுபோல, சாதாரணமாக.

கீழே, மிகக் கீழே,
லயத்துக் கூரையில் ஏறி நின்று
ஒரு பெண் தகரத்தின் மேல் கல் வைக்கிறாள்.
வைத்ததை நகர்த்துகிறாள். மறுபடி வைக்கிறாள்.
இரவெல்லாம் எங்கே ஒழுகியதென்று
அவளுக்குத்தான் தெரியும்.
இடுப்பில் கையூன்றி நிமிர்ந்தவள்
நேரே மேலே
இந்த ஜன்னலைப் பார்த்தாள்.

பணம் எதுவும் கட்டாமல்
அவளுக்குக் கிடைத்த காட்சி நான்:
தலைவாராமல், கம்பளி போர்த்தி,
கையில் ஆறிய பிளேன்டீயோடு ஒருத்தி.
கையசைப்பதா வேண்டாமா என்று
இரண்டு பேரும் முடிவெடுக்குமுன்
மூடிக்கொண்டது.

நான்கு நிமிடம் இருக்கும்.
நிரோசன் துவாயோடு வந்தார்.
"ஏதும் தெரிஞ்சுதா?"
"இல்லை" என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
நானுஓயா வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.
கணுக்கால் அரித்தது.
பங்களா ரசீதைத் திருப்பிப் பார்த்தேன்:
பின்பக்கம் பென்சிலில் ஒரு தொலைபேசி இலக்கம்,
கீழே, பெரிய எழுத்தில், இருமுறை கோடிட்டு:
மருதை. ஒரு ஆள். கடல் பக்கம்.