மேகமில்லாத ஒரு துண்டு

சின்னமுத்து போட்டு ஆறாம் நாள்.
காதுக்குப் பின்னால் தொடங்கிப் பாதம் வரை இறங்கிய சிவப்பு
கறுத்து, தவிடாய் உதிரத் தொடங்கிவிட்டது.
காய்ச்சலும் கூடவே இறங்கியிருக்க வேணும்.
இறங்கவில்லை.

வன்னிவிளாங்குளத்திலிருந்து சைக்கிள்.
தகப்பன் உழக்க, தாய் கரியரில், மடியில் பிறைநிலா,
ஒன்றே முக்கால் வயது.
வழியெல்லாம் வெள்ளம்.

மல்லாவி ஆஸ்பத்திரியில் சுவர்மணிக்கூடு நாலரையில் நிற்கிறது.
பற்றரி வவுனியாவைத் தாண்டி வராது.
என்னுடையதும் பற்றரியில் ஓடியதுதான்.
"அண்ணை, உங்கடையைக் கழற்றித் தாங்கோ."
சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடு.
சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம்.

அறுபத்தெட்டு.

ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே
ஒரு குழி விழுந்து மூடுகிறது. மூக்கு விடைக்கிறது.
முதுகில் குழாயை வைத்தால்
காதோரம் மயிரைத் திரிக்கிற சத்தம்,
வலமும் இடமும், எங்கே நகர்த்தினாலும்.
பக்டீரியா என்றால் பெரும்பாலும் ஒரு மூலையில் குந்தியிருக்கும்.
இது அடுப்படிப் புகைபோல வீடு முழுக்க.
பெரும்பாலும் என்றுதான் சொன்னேன்.

எக்ஸ்ரேக்காக ஜெனரேற்றர் பத்து நிமிடம் ஓடியது.
மண்ணெண்ணெய்க் கணக்கெழுதும் அமிர்தராசா
வாசலில் நின்று போத்தலையே பார்த்தார்.
கடைசிப் பெட்டியில் மூன்று பிலிம். இப்போது இரண்டு.
வெளிச்சப் பெட்டிக்கு மின்சாரம் மிச்சமில்லை;
ஈரம் சொட்டச் சொட்ட முற்றத்துக்குக் கொண்டுபோய்
வானத்துக்கு நேரே பிடித்தேன்.

மார்கழி வானம்.
எது பிள்ளையின் நெஞ்சிலிருக்கிற மூடுபனி,
எது முறிகண்டிப் பக்கமிருந்து வருகிற மழை?
மேகமில்லாத ஒரு துண்டு தேடி
வேலியோரம், பாலைமரத்துக்குப் பின்னால் என்று
படத்தோடு நடந்தேன்.
மிஸ்ஸி இந்திராவதி குடையோடு பின்னால்.
கிணற்றடியில் ஒரு கை அகலம் வெளித்தது.
இரண்டு பக்கமும். நடுவிலிருந்து வேர்போலப் பரவி.
பிறகு மூடிவிட்டது.

வெள்ளணு கூடவில்லை என்றது ஆய்வுகூடத் துண்டு.
கட்டில் சீட்டில் எழுதினேன்:
சின்னமுத்து. நியூமோனியா. வைரஸ்.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அதுக்கு ஊசி இருக்கோ டொக்டர்?"
"வைரசுக்கு இல்லை, அண்ணை."
என்றாலும் பென்சிலின் போட்டேன், கேள்விக்குறிக்காக.
விற்றமின் ஏ. ஒட்சிசன். குடிக்கிற மட்டும் தாய்ப்பால்.

இரவு இரண்டு மணிக்கு அறுபத்திரண்டு.
நாலுக்கு அறுபத்தைந்து.
விடிய ஐம்பத்தாறு; நம்பாமல் திரும்ப எண்ணினேன், ஐம்பத்தெட்டு.

தகப்பன் வாசலில்,
போகிற வருகிற ஆட்களிடம் நேரம் கேட்டபடி.
மணிக்கூட்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை.
நான் அதற்குச் சாவி கொடுத்தேன்.